ரீஃப் தொட்டியின் அடியில் என்ன போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி வைக்க நினைப்பவர்கள் விளக்கு, பம்ப், ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) பற்றியெல்லாம் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். அடியில் போடும் மணலை மட்டும் கடைசி நாளில், கண்ணில் பட்ட மூட்டையை எடுத்து முடித்துவிடுகிறார்கள். விளக்கையும் பம்பையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் மணலை மாற்றுவதுதான் பெரிய வேலை.

என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே நகர்வதால், முதல் தடவை வரிசையாகப் படிப்பது நல்லது.

அடியில ஏதாவது போட்டே ஆகணுமா? வெறும் கண்ணாடியா விட்டா என்ன?

போட்டே ஆக வேண்டும் என்று இல்லை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா லைவ் ராக்கிலும் (பாக்டீரியா குடியேறிய பாறை) சம்ப்பில் (வடிகட்டிகள் வைக்கும் துணைத் தொட்டி) இருக்கும் வடிகட்டிப் பொருட்களிலும் போதுமான அளவு வாழும். மணல் இல்லை என்பதற்காகத் தொட்டி கெட்டுப்போகாது. அக்ரோபோரா மாதிரி வேகமான நீரோட்டம் கேட்கும் பவளங்களை வளர்ப்பவர்களில் நிறையப் பேர் வெறும் அடியைத்தான் விரும்புகிறார்கள். பம்பை முழு வேகத்தில் விடலாம், கழிவு ஓரிடத்தில் ஒதுங்கும், குழாயை வைத்து ஒரே உறிஞ்சில் எடுத்துவிடலாம்.

இழப்பும் உண்டு. மணலில் புதைந்து தூங்கும் மீன்கள், குழி தோண்டும் மீன்கள், மணலுக்குள் வாழும் நத்தைகள் எதையும் வைக்க முடியாது. வெறும் கண்ணாடி பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சில மாதங்கள் பொறுத்தால் ஊதா நிறக் கோரலைன் பாசி அடி முழுக்கப் படர்ந்துவிடும், அதற்கென்று தனி அழகு உண்டு.

அப்போ மணலோட வேலைதான் என்ன? அழகுக்கு மட்டுமா?

அழகு ஒரு பங்குதான். ஒரு கைப்பிடி மணலில் உள்ள துகள்களின் மொத்த மேற்பரப்பு மிகப் பெரியது; அத்தனையிலும் பாக்டீரியா ஒட்டி வாழும். துகள்களுக்கு நடுவே சின்னச் சின்னப் புழுக்களும் கோபிபாட், ஆம்பிபாட் என்ற இறால் இனத்துச் சிற்றுயிர்களும் பெருகும். மீன்கள் விட்டுவைக்கும் உணவை அவை தின்னும், அவற்றை மீன்கள் தின்னும். மாண்டரின் மாதிரி நாள் முழுக்கக் கொத்தித் தின்னும் மீன்களுக்கு இது பெரிய உதவி.

ஆழமாகப் போட்டால் இன்னொரு வேலையும் நடக்கும். மேலே சில சென்டிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வாழும் பாக்டீரியா நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். கண்ணாடியோரம் மணலுக்குள் சின்னக் குமிழிகள் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். பயப்படத் தேவையில்லை.

கடையில ஏகப்பட்ட மூட்டை இருக்கு. எல்லாத்துக்கும் என்ன வித்தியாசம்?

பெயர் எதுவாக இருந்தாலும் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, எதனால் ஆனது. பெரும்பாலும் அரகோனைட், அதாவது கால்சியம் கார்பனேட். பவள எலும்புக்கூடும் அதே பொருள்தான். இன்னொன்று, துகளின் அளவு.

1 மி.மீ.க்குக் கீழே இருப்பது சர்க்கரை மாதிரியான நைஸ் மணல். 1 முதல் 2 மி.மீ. வரை நடுத்தரம். அதற்கு மேல் 3, 4, 5 மி.மீ. என்று போனால் உடைத்த பவளச் சரளை. நைஸ் மணல் பார்க்க அழகு, கழிவு உள்ளே இறங்காமல் மேலேயே தங்கும். ஆனால் நீரோட்டத்தில் பறக்கும். சரளை பறக்காது, ஆனால் இடுக்குகளில் தீனியும் கழிவும் இறங்கி அழுகும், அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டும். முதல் தொட்டிக்கு, குறிப்பாக வைக்க நினைக்கும் உயிர் எதுவும் இல்லையென்றால், நடுத்தரத்தையே எடுங்கள். இரண்டு பக்கத்துத் தொல்லையும் அதில் குறைவு.

சரி, என் தொட்டிக்கு எதுன்னு எப்படி முடிவு பண்றது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கண்ணுக்கு எந்த மணல் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்காதீர்கள். எந்த உயிர்களை வைக்கப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மணலின் அளவும் ஆழமும் அதிலிருந்தே வந்துவிடும்.

ஹாலிகோரெஸ் வகை ராஸ் மீன்களும் லெப்பர்ட் ராஸும் இரவில் மணலுக்குள் புகுந்து தூங்கும். பயந்தாலும் அங்கேதான் பாயும். அவற்றுக்கு நைஸ் மணல் குறைந்தது 5 செ.மீ. வேண்டும். சரளையில் பாய்ந்தால் வாயும் உடம்பும் கிழியும். வாலென்சியென்னியா கோபி மீன் மணலை வாயில் அள்ளி, இரையைச் சலித்துக்கொண்டு, செவுள் வழியே வெளியே விடும். அதற்கும் நைஸ் மணல்தான். ஜாஃபிஷ் கதை வேறு. அது கிணறு மாதிரி நேராகத் தோண்டி, சுவர் சரியாமல் இருக்கக் கல்லும் சிப்பித் துண்டும் அடுக்கும். நைஸ் மணல், சரளை, உடைந்த சிப்பி எல்லாம் கலந்து 10 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் நிம்மதியாக வாழும். பிஸ்டல் இறாலும் அதனோடு குடியிருக்கும் காவல் கோபியும் சேர்ந்து பாறைக்கு அடியில் சுரங்கம் வெட்டும். அவற்றுக்கும் இந்தக் கலவை பொருந்தும்.

பவளங்களிலும் மணலில் உட்காருபவை உண்டு. ட்ராக்கிஃபில்லியா, எலிகன்ஸ், தட்டுப் பவளமான ஃபஞ்சியா எல்லாம் கடலில் மென்மையான தரையில் கிடப்பவை. பாறை மேல் வைத்தால் சதை விரியும்போது கல்லில் உரசிக் காயமாகும். மாறாக, தொட்டி முழுக்க அக்ரோபோராதான் என்றால், மணல் உங்களுக்குத் தடையாகத்தான் இருக்கும். முதல் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். பட்டியலில் ராஸும் இருக்கிறது, அக்ரோபோராவும் இருக்கிறது என்றால் கடைசிக் கேள்வியைப் பாருங்கள்.

எவ்வளவு ஆழம் போடணும்?

பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்கு 3 முதல் 5 செ.மீ. போதும். சுத்தம் செய்யலாம், சின்ன உயிர்கள் வாழும், 5 செ.மீ. என்றால் ராஸும் படுக்கும். நைட்ரேட்டைக் குறைக்கும் வேலையையும் மணலிடமே ஒப்படைக்க நினைத்தால் 10 செ.மீ.க்கு மேல் நைஸ் மணல் வேண்டும். அதை உள்ளே வாழும் புழுக்களிடம் விட்டுவிட வேண்டும், நாம் கிளறக் கூடாது.

என்னைக் கேட்டால், 6 முதல் 9 செ.மீ. என்ற நடு ஆழத்தைக் காரணமில்லாமல் போடாதீர்கள். அடிவரை கிளறிச் சுத்தம் செய்ய அது அதிகம், நைட்ரேட் வேலைக்கு நம்பி விட அது குறைவு. 1980களில் மொனாக்கோவில் கடல் உயிரியலாளர் ழான் ஜோபேர் காட்டிய முறையும் ஆழமான மணல்தான்: தட்டி ஒன்றைத் தூக்கி வைத்து, அடியில் வெற்று நீர் இடைவெளி விட்டு, மேலே பருமணல் போடுவது. நன்றாக ஓடிய தொட்டிகள் உண்டு. ஆனாலும் முதல் தொட்டியில் முயல வேண்டிய முறை அல்ல.

எத்தனை கிலோ வாங்கணும்?

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். உலர்ந்த அரகோனைட் லிட்டருக்குச் சுமார் 1.5 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 4 செ.மீ. என்றால் 16.2 லிட்டர், ஏறக்குறைய 24 கிலோ. பாறைகள் அடியில் இடம் பிடிப்பதால் உண்மையில் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். மிச்சமானதை வைத்திருங்கள், உறிஞ்சும்போது போகும் மணலை ஈடுகட்ட உதவும்.

அரகோனைட் போட்டா பி.எச். தானா ஏறி நிக்கும்னு மூட்டையிலேயே போட்டிருக்கே?

அதை நம்பி கால்சியமும் காரத்தன்மையும் அளக்காமல் இருந்துவிடாதீர்கள். நல்ல ரீஃப் தொட்டியின் பி.எச். 8.0 முதல் 8.4 வரை இருக்கும். அந்த நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே தேவைக்கு மேல் கரைந்திருக்கிறது. மணல் மேலும் கரையாது. கால்சியம் ரியாக்டர் (அரகோனைட்டைக் கரைத்துத் தொட்டிக்குக் கால்சியம் தரும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கார்பன் டை ஆக்சைடு விட்டு உள்ளே பி.எச்.சை 6.5 பக்கம் இறக்கினால்தான் அதே அரகோனைட் சரியாகக் கரையத் தொடங்குகிறது.

மணலின் ஆழத்தில், பாக்டீரியா வேலையால் பி.எச். இறங்கும் இடத்தில் கொஞ்சம் கரையும், உண்மைதான். ஆனால் வளரும் பவளங்கள் ஒரு நாளில் இழுக்கும் அளவுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. அரகோனைட்டை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேறு: அதில் தேவையற்ற உலோகங்கள் பெரும்பாலும் இல்லை, துகள் முனை மழுங்கியிருக்கும்.

சிலிக்கா மணல் போட்டா பழுப்புப் பாசி வந்துக்கிட்டே இருக்குமாமே?

குவார்ட்ஸ் மணல் கடல்நீரில் அவ்வளவு லேசில் கரையாது. கண்ணாடித் தொட்டியே சிலிக்காவால் ஆனதுதான். புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூள் டையாட்டம் என்ற நுண்பாசி. அரகோனைட் போட்டாலும் வரும், சில வாரங்களில் போகும். தண்ணீரில் கரைந்து வரும் சிலிக்கேட்தான் அதற்கு முக்கியமான தீனி, ஆகவே தொட்டிக்கு ஊற்றும் ஆர்.ஓ. (சவ்வு வழியே வடிகட்டிய) தண்ணீரின் தரத்தைப் பாருங்கள்.

சிலிக்கா மணலில் நான் பார்க்கும் குறை அதன் முனை. சில வகைகள் உடைத்த கண்ணாடி மாதிரி கூராக இருக்கும், புதையும் மீனுக்கு ஆகாது. விரல் நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், குத்தினால் வேண்டாம்.

கடற்கரையிலேயே மணல் கிடைக்குதே, அள்ளிட்டு வந்தா என்ன?

வேண்டாம். கரை மணலில் எண்ணெய், சாக்கடைக் கழிவு, உலோகத் துகள் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பல இடங்களில் அள்ளுவது சட்டப்படி தவறு. கரையிலிருந்து எடுக்கும் மணல் நிறைய இடங்களில் கரும்பழுப்புத் தாதுக்கள் கலந்ததாக இருக்கும். அவற்றில் காந்தத்தில் ஒட்டுபவையும் உண்டு. கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் அது ஒரு துகள் மாட்டினாலும் கண்ணாடி முழுக்கக் கீறல்.

இதே காரணத்தால், கடையில் வாங்கும் கருப்பு மணலையும் போடுவதற்கு முன் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். அரகோனைட் என்று சொல்லித் தருவது உண்மையா என்று அறிய கொஞ்சம் வினிகர் ஊற்றினால் போதும்: கார்பனேட் என்றால் நுரைக்கும், குவார்ட்ஸ் சும்மா கிடக்கும்.

வெப்பக் கடல் தீவுகளின் வெள்ளை மணல் எப்படி உருவாகிறது தெரியுமா? அதில் பெரும்பங்கு, கிளிமீன்கள் பவளப் பாறையைக் கடித்து அரைத்து வெளியேற்றியது. மிச்சத்தில் நிறைய ஹாலிமெடா என்ற சுண்ணாம்புப் பாசியின் உடைந்த இலைகள். நாம் மூட்டையில் வாங்கும் அரகோனைட்டும் இப்படிக் கடல் செய்ததுதான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஈரமா பையில வர்ற லைவ் சாண்ட் வாங்கணுமா?

கட்டாயம் இல்லை. உலர் மணலிலும் பாக்டீரியா சில வாரங்களில் பரவிவிடும். பாக்டீரியாவோடு வரும் லைவ் சாண்ட் அதைக் கொஞ்சம் வேகப்படுத்தும், அவ்வளவுதான். பைக்குள் பல மாதம் அடைந்து கிடந்ததில் புழுவோ கோபிபாடோ உயிரோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒரு கப் மணல் கொடுத்தால் அதுதான் உண்மையான உயிர் மணல். ஆனால் அவர் தொட்டியில் இருக்கும் தட்டைப்புழுவும் தொல்லைப் பாசியும் கூடவே வரும். தொட்டியை நேரில் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கழுவிட்டுப் போடணுமா? எவ்வளவு கழுவினாலும் பால் மாதிரியே வருது.

உலர் மணலைக் கழுவுங்கள். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டு, கையால் கிளறி வழிய விடுங்கள். முழுத் தெளிவு வராது, தேவையும் இல்லை. வாளியின் அடி மங்கலாகத் தெரிந்தால் போதும். கடைசித் தடவை ஆர்.ஓ. தண்ணீரில் அலசிவிடுங்கள். லைவ் சாண்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் வாங்கியதே வீண்.

போட்ட பிறகு வரும் கலங்கல் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். மெல்லிய பஞ்சு வடிகட்டி வைத்து, நிறைந்ததும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

முதல்ல பாறையா, மணலா?

பாறை. எப்போதும் பாறை. கண்ணாடி மேல் நேராகப் பாறையை நிறுத்தி, அசைத்துப் பார்த்து, அதற்குப் பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால், அடியில் தோண்டும் கோபியோ இறாலோ ஒருநாள் அதைச் சாய்த்துவிடும். மீன் நசுங்கும், சில சமயம் கண்ணாடியிலேயே விரிசல் விழும். பாறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு போடலாம், எச்.டி.பி.இ. என்ற வகைப் பிளாஸ்டிக் தகடு கடல்நீரில் மிதக்கும் என்பதால் பாறையின் எடை அதை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

பம்ப் போட்டா மணல் ஒரு மூலையில மேடா குவியுது, இன்னொரு மூலையில கண்ணாடி தெரியுது. என்ன செய்ய?

முதலில் பம்பின் இடத்தை மாற்றுங்கள். மேலே ஏற்றி, நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பி, எதிர்க் கண்ணாடியில் மோதி உடையும்படி வையுங்கள். புது மணலில் பாக்டீரியாப் படலம் படிந்தால் துகள்கள் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதனால் முதல் சில வாரங்கள் பம்பைக் குறைத்து ஓட்டி மெல்ல ஏற்றலாம்.

அதற்கும் அடங்காவிட்டால், வெறிச்சோடும் மூலையில் மட்டும் 2 முதல் 3 மி.மீ. மணலைப் போடுங்கள். நாளடைவில் பெரிய துகள் மேலே, சின்னது கீழே என்று தானே பிரிந்துகொள்ளும். ஓடும் தொட்டியில் மணல் சேர்க்கும்போது பம்பை நிறுத்திவிட்டு, பி.வி.சி. குழாயை அடிவரை இறக்கி, அதன் வழியே கொட்டினால் பவளங்கள் மேல் தூசி படியாது.

மணலை உறிஞ்சிச் சுத்தம் பண்ணலாமா, தொடவே கூடாதா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க.

இரண்டு பேர் சொல்வதும் சரி, அவர்கள் பேசும் ஆழம்தான் வேறு. 5 செ.மீ. வரையான மணலை முதல் மாதத்திலிருந்தே சுத்தம் செய்து பழகுங்கள். தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் உறிஞ்சுங்கள். அடுத்த முறை அடுத்த பகுதி. 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் மேல்தோலை மட்டும் தட்டிவிட்டு ஆழத்தைத் தொடாதீர்கள்.

ஆபத்து இருப்பது நீண்ட காலம் தொடாமல் விட்ட மணலைத் திடீரென்று முழுவதும் கிளறுவதில். அடைந்து கிடந்த கழிவு மொத்தமும் ஒரே நேரத்தில் தண்ணீரில் கலந்து, அம்மோனியா ஏறி, ஆக்சிஜன் குறையும். அப்படிப்பட்ட தொட்டியில் ஒரு உள்ளங்கை அகலத்தில் தொடங்கி, வாரக்கணக்கில் நகருங்கள்.

மணல் மேல பழுப்பா, சிவப்பா படியுது. மணலை மாத்தணுமா?

எது என்று தெரியாமல் மாற்றினால் அதுவே திரும்ப வரும். புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூளைப் பற்றி சிலிக்கா கேள்வியில் சொல்லிவிட்டேன். சிவப்பும் ஊதாவுமாகப் படலம் படலமாக, பிய்த்தால் தோல் மாதிரி வருவது சயனோ பாக்டீரியா. நீரோட்டம் எட்டாத, கழிவு தேங்கும் இடத்தில் வரும். அங்கே உறிஞ்சி, பம்பைத் திருப்புங்கள்.

பழுப்பு நிறத்தில் சளி மாதிரி இழுபட்டு, குமிழி மாட்டிக்கொண்டு, பகலில் கூடி இரவில் குறைவது பெரும்பாலும் டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிர். இதற்கு உடனே மணலைத் தேய்த்துக் கழுவுவது பலரும் செய்யும் வேலை, பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்தை ஒட்டிய தொட்டிகளில்தான் இது கொழிக்கிறது. முதலில் அவற்றை அளந்து, பூஜ்ஜியமாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். நுண்ணோக்கி கிடைத்தால் ஒரு சொட்டைப் பார்ப்பது நூறு யூகத்தை விட மேல்.

கண்ணாடியோரம் மணலுக்குள்ள கருப்புத் திட்டு. விஷமா?

ஆக்சிஜனும் நைட்ரேட்டும் தீர்ந்த இடத்தில் பாக்டீரியா சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும், அதுவும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு. அந்த வாயு மீன்களுக்குக் கொடிய விஷம்தான். ஆனால் இருந்த இடத்திலேயே இருக்கும்வரை, மேலே ஏறும் வழியில் ஆக்சிஜன் பட்டு மாறிவிடும். ஆழமான மணலில் அடியில் கொஞ்சம் கருப்பு இருப்பது இயல்பு.

கிளறி, அழுகிய முட்டை வாடை வந்தால் நிறுத்துங்கள். உடனே நிறையத் தண்ணீர் மாற்றி, ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, பம்பை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்புங்கள். ஆழமில்லாத மணலில் கருப்பு தெரிந்தால், அங்கே ஏதோ செத்துப் புதைந்திருக்கிறது அல்லது பாறைக்கு அடியில் தீனி தேங்குகிறது என்று அர்த்தம்.

மணல் கட்டி கட்டியா இறுகி, பாளமா வருது. ஏன்?

கால்சியமும் கார்பனேட்டும் மணல் மேலேயே படிந்து துகள்களை ஒட்டிவிடுகிறது. சுண்ணாம்புநீரையோ காரத்தன்மை ஏற்றும் கரைசலையோ ஒரே இடத்தில் வேகமாக ஊற்றுவது, மக்னீசியம் குறைந்திருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். மக்னீசியம் 1,250 முதல் 1,350 பி.பி.எம். வரை இருக்கிறதா என்று பாருங்கள், கரைசலை நீரோட்டம் பலமாக உள்ள இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாளங்களைக் கையால் எடுத்துவிடலாம்.

மணலைச் சுத்தமா வச்சுக்க மணல் நட்சத்திரமீன் வாங்கலாமா?

வீட்டுத் தொட்டிக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஆஸ்ட்ரோபெக்டன் என்ற இந்த நட்சத்திரமீன் கழிவைத் தின்பதற்காகத் தோண்டுவதில்லை. நாம் காப்பாற்ற நினைக்கும் புழுக்களையும் சின்னச் சிப்பிகளையும் வேட்டையாடத் தோண்டுகிறது. அவை தீர்ந்ததும் மெல்லப் பட்டினி கிடந்து, மணலுக்குள்ளேயே செத்துப்போகும். நஸாரியஸ் நத்தைகள், ஒரு சின்ன சங்கு இவை போதும். நஸாரியஸ் மூக்குக்குழலை மட்டும் வெளியே நீட்டிப் புதைந்திருந்து, தீனி வாசம் பட்டதும் அத்தனையும் மேலே கிளம்பும். பார்க்கவும் நன்றாக இருக்கும்.

தொட்டியை வேற இடத்துக்கு மாத்துறேன். பழைய மணலையே போடலாமா?

அப்படியே போடாதீர்கள். முன்பு சொன்ன "திடீர்க் கிளறல்" இதைவிட முழுமையாக நடக்க வாய்ப்பே இல்லை. பிரிக்கும்போது முதலில் தண்ணீரைக் கலங்காமல் எடுத்து வையுங்கள், பிறகு பாறையும் உயிர்களும், மணல் கடைசி. அதை நுரையும் வாடையும் போகும்வரை கழுவிவிட்டுத்தான் திரும்பப் பயன்படுத்த வேண்டும். பல வருடம் ஓடிய அரகோனைட்டில் பாஸ்பேட் ஏறி ஒட்டியிருக்கும். கழுவினாலும் போகாது, புதுத் தண்ணீரில் மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட மணலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு கப் மட்டும் விதையாகப் புது மணலில் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. அந்த ஒரு கப்பையும் கடல்நீரில் அலசுங்கள்.

அடி வெறுமையா இருக்கணும், ஆனா ராஸும் வேணும். வழியே இல்லையா?

இருக்கிறது. 8 முதல் 10 செ.மீ. உயரமுள்ள, உணவு வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பெட்டி ஒன்றில் நைஸ் மணலை நிரப்பி, பாறைக்குப் பின்னால் நீரோட்டம் குறைந்த இடத்தில் வையுங்கள். மீன் நீளத்தைப் போல இரண்டு மடங்காவது பெட்டியின் நீளம் இருக்கட்டும். பெரும்பாலான ராஸ்கள் ஓரிரு நாளில் கண்டுபிடித்து, தினமும் விளக்கு அணையும் நேரத்துக்கு அங்கேயே போய்ப் படுக்கும்.

புதிதாக வந்த மீன் முதல் சில நாள் பெட்டிக்குள்ளேயே கிடந்தால் தோண்டித் தேடாதீர்கள், அது அதன் பழக்கம். பெட்டி மணலை மாதம் ஒரு தடவை, மீன் வெளியே நீந்தும் பகல் நேரத்தில் உறிஞ்சிவிடுங்கள்.